டபுள் கெப் பிக்கப்: கம்பனி வரிக்குக் காரா, வானா? (பிரித்தானியா)

கேள்வி
கம்பனிக்கு டீசல் டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள பிக்கப்) ஒன்று வாங்கப் பார்க்கிறோம். பட்டியல் விலை 45,000 பவுண், சுமை ஏற்றும் அளவு 1,040 கிலோ, ஹார்ட்டொப்பும் (பின்தட்டை மூடும் கெட்டியான கூரை) சேர்த்துத் தருகிறார்கள். ஒரு தொன்னுக்கு மேல் என்பதால் வான்தான் என்கிறார் விற்பவர். கணக்காளர் கார் என்கிறார். வேலையாள் இரவில் வீட்டுக்குக் கொண்டுபோவார். 2024இல் லீஸுக்கு எடுத்த டபுள் கெப் ஒன்றும் இருக்கிறது. அதுவும் காராகிவிடுமா?

மறுமொழி 1
கணக்காளர் சொல்வதே சரி. ஊழியருக்குக் கிடைக்கும் சலுகை (கம்பனி வண்டியைச் சொந்தத் தேவைக்கும் பாவிப்பது) மீதான வரியில் ஒரு தொன் விதி 2025 ஏப்ரல் 6உடன் போய்விட்டது. இப்போது பார்ப்பது கட்டமைப்பை: வண்டி முதன்மையாகச் சாமான் ஏற்றுவதற்கு ஏற்றதா? இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் தட்டும் இருந்தால் ஆளுக்கும் சாமானுக்கும் சரிசமமாகப் பொருந்தும். சமம் என்றாலே 'முதன்மையாக' இல்லை, ஆகவே கார். கொக்கா கோலா ஊழியர்களின் வழக்கில் 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பின்னிருக்கை பொருத்திய ஃபோக்ஸ்வாகன் கொம்பி, வொக்ஸ்ஹோல் விவாரோ எல்லாமே கார் என்று தீர்ந்தது. கம்பனிப் பெயரைக் கதவில் ஒட்டினாலும் மாறாது.

2025-26க்குக் கணக்கு இப்படி வரும். கார் என்றால் பட்டியல் விலையில் ஒரு வீதத்தை ஊழியரின் வருமானமாக எடுத்து வரி போடுவார்கள்; இந்த வண்டிகளின் புகை (CO2) அளவுக்குப் பெரும்பாலும் உச்ச வீதமான 37% விழும். 45,000இல் அது 16,650 பவுண். 20% வரி கட்டுபவருக்கு வருடம் 3,330. வான் என்றால் 4,020 பவுணுக்குத்தான் வரி, அதாவது 804. கம்பனி கட்டும் 15% தேசியக் காப்புறுதியும் 603இலிருந்து 2,497.50 ஆகும். எரிபொருள் அட்டையும் கொடுத்தால் அதற்கு வேறு வரி, ஆகவே சொந்த ஓட்டத்துக்கான டீசலை ஊழியரிடமே அறவிடுங்கள்.

மறுமொழி 2
வற் (VAT, பெறுமதி சேர் வரி) வேறு கதை. அங்கே ஒரு தொன் விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஹார்ட்டொப்புக்கு 45 கிலோ கழிப்பார்கள்: 1,040 – 45 = 995. ஐந்து கிலோவால் அங்கேயும் காராகிவிடும், வாங்கும்போது கட்டிய வற்றைத் திரும்ப எடுப்பது அநேகமாக முடியாது. ஹார்ட்டொப் இல்லாமல் வாங்குங்கள், இல்லையென்றால் 1,045 கிலோவோ அதற்கு மேலோ தாங்கும் மொடலைப் பாருங்கள். விளம்பரத் தாளை நம்பாமல் மொத்த எடையிலிருந்து வெறும் எடையை நீங்களே கழித்துப் பாருங்கள்.

மறுமொழி 3
2024 லீஸ் வண்டிக்குப் பயமில்லை. 2025 ஏப்ரல் 6க்கு முன் வாங்கியது, லீஸ் எடுத்தது, ஓடர் கொடுத்தது எல்லாம் பழைய விதியில் வானாகவே இருக்கும். லீஸ் முடியும் நாள், கைமாறும் நாள், 2029 ஏப்ரல் 5, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. ஒப்பந்தத் திகதி உள்ள தாளைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த வண்டியில் வேலைக்குப் போய்வருவது மட்டும் என்றால் வரியே இல்லை. போகும் வழியில் பத்திரிகை வாங்க நிற்பது, வருடம் ஒருமுறை பழைய மெத்தையைக் குப்பைக்குக் கொண்டுபோவது பிழையில்லை. வாராவாரம் கடைச் சாமான் ஏற்றினால் வானுக்கான முழுத் தொகைக்கும் (2025-26இல் 4,020 பவுண்) வரி விழும். வேறு சொந்தப் பாவனைக்குத் தடை என்று எழுத்தில் கொடுத்து, கையொப்பம் வாங்கி, மைல் கணக்கும் வையுங்கள். புது வண்டிக்கு இந்தச் சலுகை இல்லை. காரில் வீட்டுக்குப் போவதே சொந்தப் பாவனைதான்.