கரண்டு இல்லாத இரவும் கையால் கட்டிய விளக்கும்

நீலகிரியின் எமரால்டு ஊரிலிருந்து:

2019 ஆகஸ்டு மழையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டிய அந்த வாரத்தில் மெழுகுவர்த்தியும் தீர்ந்துபோனதால், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரிலிருந்து 9 வோல்ட் சதுரப் பேட்டரியைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே வெள்ளை எல்இடியின் நீளக் காலை நேர்முனையிலும் குட்டைக் காலை எதிர்முனையிலும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமலே வைத்துவிட்டேன். நீலம் பாய்ந்த வெளிச்சம் ஒரு முறை சுவரில் அடித்தது. கருகிய வாடையோடு மறுபடியும் இருட்டு. உள்ளறையில் படுத்திருந்த பாட்டி, "கரண்டு வந்துடுச்சா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏறக்குறைய 3 வோல்ட் போதுமான எல்இடி அது. பரணில் கிடந்த பழைய ரேடியோவுக்குள் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு வளையமிட்ட 330 ஓம் ரெசிஸ்டர் இருந்ததை மறுநாள்தான் கண்டேன்.

கொடைக்கானல் மலையின் பூம்பாறையிலிருந்து:

எமரால்டு நண்பர் ரெசிஸ்டரை மட்டும் குறையாகச் சொல்கிறார். பேட்டரித் தேர்வே பிழை என்பது என் கருத்து. ஆனால் ரெசிஸ்டரிலும் ஒரு பாடம் உண்டு, அதை நானே பிழை செய்து கற்றேன். 2018 கஜா புயலின்போது, பூண்டுக் கட்டுகள் தொங்கும் பரணுக்குக் கீழே, மூன்று எல்இடிகளைப் பக்க இணைப்பில், அதாவது நீளக் கால்களை ஒன்றாகவும் குட்டைக் கால்களை ஒன்றாகவும் சேர்த்து, ஒரே ரெசிஸ்டர் போட்டேன். ஒன்று மட்டும் அதிகமாக ஒளிர்ந்து முதலில் அணைந்தது. அதன் பங்கு மின்சாரத்தையும் சுமந்த மற்ற இரண்டும் பின்னாலேயே போயின. ஆகவே புதிதாகச் செய்பவர்கள் மூன்று பென்சில் பேட்டரிகளைத் தொடராக வைத்து 4.5 வோல்ட் எடுங்கள். அதில் எல்இடிக்கு 3 வோல்ட் போக மீதி 1.5 வோல்ட், அதை எல்இடியில் ஓட வேண்டிய 20 மில்லிஆம்பியரால் வகுத்தால் 75 ஓம் வரும். கடையில் சற்றுக் கூடுதலாக 82 ஓம் கேளுங்கள், ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டு பேட்டரி போதும் என்று சிக்கனம் பார்க்காதீர்கள். அவை சற்றுத் தேய்ந்ததுமே வெளிச்சம் மங்கிவிடும். சதுரப் பேட்டரியை விட பென்சில் பேட்டரி பல மடங்கு நேரம் நிற்கும்.

ஊட்டிக்கு அருகிலிருந்து:

கணக்குச் சரிதான், ஆனால் உறைபனி விழும் ஊரில் பென்சில் பேட்டரியும் சோர்ந்துவிடும். அதனால் நான் பழைய மடிக்கணினியின் லித்தியம் செல்லை எடுத்து, சிறிய சோலார் தகட்டோடு தோட்டக் கொட்டகையில் வைத்தேன். ஜனவரி விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்க, செல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததை மகிழ்ச்சியோடு பார்த்து நின்றேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் எதிர்முனையின் மேல் உலோகமாகப் படிந்துவிடும். இழந்த கொள்ளளவு திரும்பாது.

எமரால்டிலிருந்து மீண்டும்:

பூம்பாறை நண்பருக்கு: அன்று மண்சரிவில் சாலையே மூடியிருந்தது, பென்சில் பேட்டரி வாங்க எந்தக் கடைக்குப் போவது? பிறகு வேறொரு எல்இடியோடு அந்த 330 ஓம் ரெசிஸ்டரையே சேர்த்து ஈயம் வைத்து ஒட்டிய விளக்கைப் பாட்டியின் கட்டிலருகே மாட்டியிருக்கிறேன். கரண்டு இருக்கும் நாளிலும் அதைத்தான் போடச் சொல்கிறார்.