ஏற்காட்டு மலைக்காரர்களுக்குச் சொந்தமாக ஒரு கன்சல்டிங்: சோலார் கம்பெனியோடு கூட்டுச் சேரலாமா?

நாகலூர்ப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஏற்காட்டுக்கு மேலே ஊர். நாங்கள் மலையாளிகள், அதாவது சேர்வராயன் மலைப் பழங்குடி. கேரளாவா என்று கேட்காதீர்கள், பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சேலத்தில் இ.இ.இ. முடித்தேன். மாடிக்குச் சோலார் மாட்டிக் கொடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மேலேயே வந்துவிட்டேன்.

ஊரில் ஆறேழு பேர் சேர்ந்து வேலை எடுத்துச் செய்கிறோம். மே மாதம் கோடை விழாவில் ஸ்டால் போட்டு சாமைச் சோறும் களியும் விற்போம். திருவிழா என்றால் பந்தல், சீரியல் செட், ஜெனரேட்டர் எல்லாம் எங்கள் பொறுப்பு. கெஸ்ட் ஹவுஸ்களில் சோலார் ஹீட்டர் ரிப்பேரும் உண்டு. குழுவை இன்னும் முறையாகப் பதியவில்லை.

இப்போது கீழேயிருந்து ஒரு சோலார் கம்பெனி வந்திருக்கிறது. நாலு ஊரில் சரிவு நிலத்தை நீண்ட கால லீசுக்கு எடுத்து பேனல் போடுவார்களாம். எங்களை "உள்ளூர்ப் பங்குதாரர்" என்று லெட்டர்பேடில் போடுவார்களாம். எங்கள் வேலை என்ன தெரியுமா? ஊருக்கு ஒரு கூட்டம் கூட்டி, சாப்பாடு போட்டு, பட்டாக்காரர்களிடம் கையெழுத்து வாங்கித் தருவது. ஊருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுப்பார்கள். பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மேடம்" என்கிறார்கள்.

பெரியப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சாமி கும்பிடக் கூப்பிட்டா ஊரே வரும். கையெழுத்துக்குக் கூப்பிட்டா, அடுத்த தடவை சாமி கும்பிடவும் வராது."

கனடாவின் வடக்கே பழங்குடிகள் தாங்களே கம்பெனி வைத்து, ஆலோசனை வேலையும் செய்து, சோலாரும் காற்றாலையும் சொந்தமாக வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். அது நிஜமாகவே நடக்கிறதா, பேப்பரில் மட்டுமா? இங்கே எடுபடுமா?

---

வைட்ஹார்ஸ்_சேலத்தான்:

தங்கச்சி, நான் அம்மாப்பேட்டைக்காரன். அப்பாவுக்குத் தறி, எனக்குக் கரண்டு. கனடாவின் வடமேற்கில் இருக்கும் யூகானின் தலைநகரான வைட்ஹார்ஸில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். இங்கே முதலில் வேலை கொடுத்தது பழங்குடிகளுக்குச் சொந்தமான ஒரு கம்பெனிதான். அதனால் பார்த்ததை எழுதுகிறேன்.

நிஜமாகவே நடக்கிறது. யூகானின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே ஓல்ட் குரோ என்று ஓர் ஊர். சுமார் 250 பேர். சாலை கிடையாது. ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல்கூட விமானத்தில்தான் வரவேண்டும். அங்கே வுன்டுட் குவிச்சின் என்கிற பழங்குடி மக்கள் 940 கிலோவாட் சோலார் போட்டார்கள். 2021-இல் ஓடத் தொடங்கியது. கோடையில் அங்கே சூரியன் வானத்தைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர மறையாது. அதனால் பேனல்களை நம்மூர் மாதிரி எல்லாம் தெற்கே திருப்பாமல் கிழக்கும் மேற்கும் பார்க்க வைத்தார்கள். வருஷத்துக்கு சுமார் 1,89,000 லிட்டர் டீசல் மிச்சமாகும் என்று கணக்கு.

நீ கவனிக்க வேண்டியது வாட் கணக்கை அல்ல. பேனல் யாருக்குச் சொந்தம்? அந்த மக்களின் அரசுக்கு. கரண்டை யார் வாங்குகிறார்கள்? அட்கோ என்ற மின் நிறுவனம், 25 வருஷ ஒப்பந்தத்தில். அதாவது கம்பெனிக்காரன் இவர்களிடம் வாங்குகிறான். உன்னிடம் வந்த ஆள் இதை அப்படியே தலைகீழாக்கி, இதுவும் கூட்டுதான் என்கிறார்.

ஆல்பர்ட்டாவில் ஃபோர்ட் சிப்பெவயான் என்று இன்னோர் ஊர். அத்தபாஸ்கா சிப்பெவயான், மிகிசூ கிரீ, மெட்டி என்று மூன்று சமூகங்கள். மூவரும் தனித்தனியாகப் பேரம் பேசாமல், சேர்ந்து ஒரே எரிசக்திக் கம்பெனி தொடங்கினார்கள். 2020-இல் முடிந்த அந்த சோலார் பண்ணையில் 2.2 மெகாவாட் அவர்களுடையது, 0.4 அட்கோவுடையது. ஊருக்கு வேண்டிய மின்சாரத்தில் கால்வாசி அதிலிருந்து வருகிறது. நாலு ஊர் என்றாயே, உன்னிடம் வந்தவர் நாலையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசுகிறாரா, சேர்த்தா? தனித்தனியாக என்றால் உஷாராக இரு.

பெரிய அளவிலும் இருக்கிறது. ஒன்டாரியோவின் வடமேற்கில் 24 பழங்குடிச் சமூகங்கள் சேர்ந்து 51 சதவீதம் வைத்திருக்கும் வட்டாய்னிகேனியாப் மின்தொடர் நிறுவனம், சுமார் 1,800 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து, டீசலை நம்பியிருந்த ஊர்களுக்குக் கரண்டு கொண்டுவந்தது.

சரி, கன்சல்டிங் என்று கேட்டாய். இங்கே இந்தக் கம்பெனிகள் செய்வதில் பாதி, கேட்டால் வேலை மாதிரியே தெரியாது. வெளியிலிருந்து வருகிறவனிடம் "இந்த மாசம் வராதே, எல்லோரும் வேட்டைக்குப் போயிருப்பாங்க" என்று சொல்வது. எந்த இடத்தில் மான் கடக்கும், எங்கே முன்னோர் புதைத்த இடம் என்று கூடவே நடந்து காட்டி, அதை எழுத்தில் பதிவது. மொழிபெயர்ப்பு. கூட்டம் நடத்துவது. அதற்கெல்லாம் மணிக்கணக்குக்குப் பில் போடுவார்கள், வெட்கமே படமாட்டார்கள்.

கூட்டம் என்றால் எப்படித் தெரியுமா? ஒரு சின்ன ஊருக்கு பேட்டரி ரூம் வேலையாகப் போனேன். ஊர் ஹாலில் கூட்டம். நான் ப்ரொஜெக்டரை மாட்டப் போனேன். ஒரு அம்மா என் கையில் கத்தியைக் கொடுத்து வெங்காயம் நறுக்கச் சொன்னார். மான்கறிக் குழம்பு, பானக் என்கிற ரொட்டி, ஓடியாடும் பிள்ளைகள். முதலில் பெரியவர்களுக்குத் தட்டு போகும், இளசுகள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு முடிக்கும்வரை சோலார் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு பாட்டி எழுந்து தன் மொழியில் கேட்டார், மொழிபெயர்த்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்னு கேக்கறாங்க." வந்திருந்த ப்ராஜெக்ட் மேனேஜரிடம் நாற்பது ஸ்லைடு இருந்தது, சாவியைப் பற்றி ஒன்றும் இல்லை. அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஊர்ப் பையன்கள் இரண்டு பேருக்கு பேட்டரி, இன்வெர்ட்டர் பயிற்சி கொடுத்து, சாவி அவர்களிடம் என்று எழுதிய பிறகுதான் அடுத்த கூட்டம்.

அந்தக் கூட்டத்தை நடத்தியதும் பழங்குடிக் கம்பெனிதான், சாப்பாடு போட்டதும் அவர்கள்தான். ஆனால் "கையெழுத்து வாங்கித் தருகிறேன்" என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கூட்டத்துக்குக் காசு வாங்கலாம் தங்கச்சி. முடிவுக்கு வாங்கக் கூடாது.

---

கன்னங்குறிச்சி_மின்வாரியம்_ஓய்வு:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் குளிர் நாட்டுக் கணக்கை நம்ம மலையில் போடாதீர்கள். அங்கே மிச்சமாவது விமானத்தில் வந்த டீசல். ஒரு லிட்டர் குறைந்தாலே காசு. இங்கே ஊர் ஊருக்கு லைன் போயாச்சு. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மலைக் குடும்பத்துக்கு அதற்கு மேல் எவ்வளவு ஓடிவிடப் போகிறது? வீட்டு பில்லை வைத்துப் பார்த்தால் பேனல் போட்ட காசு திரும்பி வராது.

அப்புறம் அந்தச் சரிவு நிலம். அங்கே இருப்பது காப்பி. காப்பிக்கு நிழல் வேண்டும், அதற்குத்தான் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. பேனலுக்கு நிழலே ஆகாது. அப்படியென்றால் மரம் போகும், மிளகு போகும், காப்பியும் போகும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் மூடுபனி எப்படி இறங்கும் என்று பாப்பாவுக்கே தெரியும். வெயில் கொளுத்தும் தரிசு கீழே சேலம், நாமக்கல் பக்கம் எவ்வளவோ கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒருவன் மலையேறி வருகிறான் என்றால், அவனுக்கு வேண்டியது வெயிலா நிலமா என்று நான் முதலில் யோசிப்பேன்.

மலையில் லாபம் இருக்கிற இடம் வேறு. ரிசார்ட், கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் கமர்ஷியல் டாரிஃப். அவர்களுக்குக் கூரை இருக்கிறது, பில் பயமும் இருக்கிறது. மாட்டிக் கொடுப்பதும் வருஷா வருஷம் பராமரிப்பதும் உங்கள் குழு எடுத்தால் நின்று சம்பாதிக்கலாம். குரங்கு ஒயரைப் பிய்த்தால் கீழேயிருந்து ஆள் வர இரண்டு நாள் ஆகும், நீங்கள் அரை மணியில் போய்விடுவீர்கள்.

---

செவ்வாய்ப்பேட்டை_பழைய_பேங்க்காரர்:

பங்கு விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

51 என்கிற எண்ணை நம் நாட்டிலும் பிடித்துக்கொள்ளலாம் அம்மா. மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணைப்படி, மத்தியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் அந்த உரிமையாளர்களிடம் குறைந்தது 51 சதவீதம் பங்கு இருக்க வேண்டும். இதற்காகவே எஸ்.டி. பெயரைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. பங்கு இவர் பெயரில், செக் புத்தகம் அவர் பீரோவில். கடன் அப்ளிகேஷன்களில் இந்த பினாமிக் கூத்தை எவ்வளவோ பார்த்தாயிற்று. கையெழுத்துப் போட வந்தவருக்குத் தன் கம்பெனியின் பெயரே தெரியாது. உங்கள் பெயர் லெட்டர்பேடில் எதற்கு என்று அந்த ஆளிடம் நேராகவே கேளுங்கள்.

எந்த வடிவில் பதிவது? விளைபொருள் சார்ந்த வேலைக்கு உற்பத்தியாளர் கம்பெனி நல்லது. குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கலாம். தனிநபர்கள் மட்டுமே உறுப்பினர் என்றால் எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. பங்கை வெளியாளுக்கு விற்க முடியாது, அதனால் எவனும் காசைக் கொட்டி உள்ளே வந்து உட்கார முடியாது. விளைபொருளோடு தொடர்புடைய மின் உற்பத்திகூட அதன் நோக்கங்களில் சட்டப்படி வரும். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பருக்கும் மிளகு காயவைக்கிற டிரையருக்கும் சோலார் போடலாம், பகலில்தான் அந்த வேலையும். ஆனால் பந்தல், வெளியாட்களுக்குச் செய்கிற கன்சல்டிங் இதெல்லாம் அதற்குள் அடங்காது. அதற்கு உங்கள் ஆறேழு பேர் பெயரில் தனியாக எல்.எல்.பி. (கூட்டாளிகளின் கடன் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று ஊருடையது, இன்னொன்று உங்களுடையது. கணக்கைக் கலக்காதீர்கள்.

---

நாகலூர்ப்பொண்ணு:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. மின்வாரிய ஐயா கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. லீஸ் நகலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். "சோலார் மற்றும் தொடர்புடைய பிற பயன்பாடு" என்று இருக்கிறது. அந்தப் "பிற" என்ன என்று போனில் கேட்டேன், லீகல் டீமைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நாலு ஊரிலும் தனித்தனியாகத்தான் பேசியிருக்கிறார், ஊருக்கு ஒரு ரேட்டு. பக்கத்து ஊரில் ஒரு அண்ணன் கண்டிஷன் பட்டாவையும் (அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலத்தின் பட்டா) எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்.

வைட்ஹார்ஸ் அண்ணா, ஒரு சந்தேகம். ஊர் வேண்டாம் என்று சொல்லியும் கட்டிவிட்டால்? அங்கே அப்படி நடந்ததில்லையா?

---

வைட்ஹார்ஸ்_சேலத்தான்:

நடந்திருக்கிறது, கனடாவில் மட்டும் இல்லை. நார்வேயில் ஃபோசன் என்ற இடத்தில் 151 காற்றாலைகள், ரெயின்டீர் மேய்க்கும் சாமி இன மக்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில். வழக்கு முடிவதற்குள் கட்டி முடித்துவிட்டார்கள். 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அனுமதி கொடுத்ததே அந்த மக்களின் உரிமைக்கு எதிரானது, செல்லாது என்றது. தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலை சுற்றிக்கொண்டேதான் இருந்தது. 2023-இல் இளைஞர்கள் ஓஸ்லோவில் அமைச்சக வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அப்புறம்தான் சமரச ஒப்பந்தம் ஏற்பட்டது. பசுமை மின்சாரம் என்று பேர் வைத்ததால் மட்டும் நிலம் எடுப்பது வேறாகிவிடாது.

அதனால் எல்லாவற்றையும் முன்னாலேயே கேள். கம்பெனி கைமாறினால் லீஸ் யாரிடம் போகும்? காலம் முடிந்ததும் பேனலைக் கழற்றுகிற செலவு யாருடையது, அதற்கு இப்போதே டெபாசிட் உண்டா? இன்வெர்ட்டர் போனால் யார் மாற்றுவது? நாலு ஊரும் ஒரே மேசையில் உட்காரும்வரை எந்த ஊரும் பேசாது என்று சொல்லிவிடு. கூட்டத்தை காப்பி பறிப்பில் வைக்காதே, பாதிப் பேர் வரமாட்டார்கள், வராதவர்கள் சம்மதித்ததாக எழுதிக்கொள்வார்கள். கண்டிஷன் பட்டா அண்ணனை முதலில் தாலுகா ஆபீசில் கேட்கச் சொல், நகலைக்கூட யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

---

நாகலூர்ப்பொண்ணு:

நாலு ஊர்ப் பெரியவர்களையும் வரும் ஞாயிறு எங்கள் ஊரிலேயே கூட்டுகிறோம், கம்பெனி ஆள் இல்லாமல். சாப்பாடு நாங்கள்தான். பெரியப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டார், ஆனால் பேப்பர் எதுவும் இருக்கக் கூடாதாம்.

ஐயா, எல்.எல்.பி. பதிகிறபோதே சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் போட வேண்டுமா? சேலத்தில் ஒருவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெரிய தொகை கேட்கிறார்.

---

செவ்வாய்ப்பேட்டை_பழைய_பேங்க்காரர்:

உத்யம் பதிவு ஆன்லைனில் முழுக்க இலவசம், நீங்களே போடலாம். அதற்குப் பத்து பைசா கொடுக்காதீர்கள். எல்.எல்.பி. முடிந்து பான் கார்டு வந்த பிறகு போடுங்கள், சமூகப் பிரிவு என்று கேட்கிற இடத்தில் எஸ்.டி. என்று குறிக்க மறக்க வேண்டாம். எல்.எல்.பி.க்கு அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.