பாட்டியின் கடைமுழுக்கு
(குழு: மாயவரத்து வீடு)

அத்தை: கடைமுழுக்குக்கு நான்கு நாட்களே இருக்கின்றன. காவிரித் துலாக்கட்டத்துக்கு யார் கூட்டிப் போகிறீர்கள் என்று அம்மா இன்று காலையிலும் கேட்டார்கள்.

சித்தப்பா: முழங்கால் அறுவைக்குப் பிறகு படி இறங்கலாமா?

அத்தை: கூட்டத்தில் நடக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா: மக்கள் தம்மிடம் கரைத்த பாவங்களைத் தீர்த்துக்கொள்ளக் கங்கை முதலான நதிகள் ஐப்பசி மாதம் முழுவதும் நம் ஊர்க் காவிரியில் நீராடுவதாக ஐதீகம், அதனால்தான் மாதத்தின் கடைசி நாளான கடைமுழுக்கன்று மாயூரநாதர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது துலாக்கட்டத்தில் கால் வைக்க இடமிருப்பதில்லை. ஆனால், நடக்க இயலாத ஓர் அடியவர் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட, அவர் மனமுருகி வேண்டியதால், கார்த்திகை முதல் நாள் நீராடினாலும் அதே பலன் உண்டு என்று இறைவன் அருளினார். அந்த முடவன் முழுக்கு நாளில் அம்மாவை அழைத்துப் போவோம்.

சித்தி: அன்று கூட்டம் குறைவா?

பெரியப்பா: கடைமுழுக்கு அளவுக்கு இருக்காது.

அத்தை: அம்மா சம்மதிக்கவில்லை, அண்ணா. அப்பாவோடு நின்று தீர்த்தவாரி பார்த்த நாளை எப்படி விடுவது என்கிறார்கள். அஸ்தியைக் காசிக்குக் கொண்டுபோன பேச்சும் மறுபடி வந்தது.

சித்தப்பா: இன்னுமா?

அத்தை: கங்கையே தேடி வரும் துறை நம் ஊரில் இருக்கும்போது ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள்.

பெரியப்பா: காசியில் கரைக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். தம்பி அதைத்தான் நிறைவேற்றினான். இதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெங்களூர் அக்கா: ஐப்பசி பிறக்கும் துலா சங்கிராந்தியன்று, காவிரி தோன்றும் தலைக்காவிரியில் ஊற்றுப் பொங்கும்போது எடுத்த தீர்த்தத்தைக் குடகுத் தோழி ஒருத்தி தந்திருக்கிறாள். அவர்கள் அதை வீட்டில் வைத்துப் போற்றுகிறார்கள். பாட்டிக்குக் கொண்டு வரட்டுமா?

அத்தை: கட்டாயம் கொண்டு வா, கண்ணே.

சித்தி: ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா?

பெரியப்பா: ஓடுகிறது. கடைமுழுக்கன்று அம்மாவைக் கரையில் நாற்காலியில் அமர்த்தித் தீர்த்தவாரியைக் காட்டுவோம். மறுநாள் விடியலில் படியருகே உட்காரவைத்து, சொம்பில் மொண்டு நீராட்டுவோம். இறைவன் ஒரு நாளை நீட்டித் தந்ததே அம்மாவைப் போன்றவர்களுக்காகத்தான்.

அத்தை: அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மறுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

சித்தப்பா: இரண்டு நாளும் விடுப்புக் கேட்டுப் பார்க்கிறேன்.

சித்தி: அனைவரும் எங்கே தங்குவது?