பழனி பாதயாத்திரை வழியில் உள்ள பாறைகள்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பவன் நான். இந்த முறை தரையைக் கவனித்தே நடந்தேன். காரைக்குடிப் பக்கம் செம்புறாங்கல்; ஓட்டை ஓட்டையாக, துரு நிறத்தில். நத்தத்தை நெருங்கும்போது மலைகள் கிட்டத்தில் வந்துவிடுகின்றன. சாலைக்கு வெட்டிய ஓரிடத்தில் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடிய பாறை, அவ்வளவு அழகு! அது நைஸ் (gneiss) எனப்படும் வரிப்பாறைதானா?

பழனி மலைத்தொடரில் பெரும்பகுதி சார்னோக்கைட் (charnockite) என்னும் பாறை, சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் அதே வகை என்று படித்தேன். உடைத்தால் நீலம் கலந்த சாம்பல் நிறமாம். சாமி மலையில் கல்லை உடைக்க மனம் வராது. வெயில் மழையில் நிறம் மாறிய கல்லைப் பார்த்தே அடையாளம் காண வழி உண்டா?

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் (Bhukosh) இணையதளத்தில் திண்டுக்கல் மாவட்ட வரைபடம் எடுப்பது எப்படி என்றும் சொல்லுங்கள். அடுத்த தையில் அக்கா பிள்ளைகளும் என்னோடு நடக்கிறார்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டும்.