அப்பா சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்

உயிரினங்களைக் கணினியில் கணக்காக ஓடவிட்ட அனுபவம் இருந்தால் எழுதச் சொன்னீர்கள். என்னுடையது எலியும், கூகை என்ற ஆந்தையும் பற்றியது.

மலேசியாவில் பகாவ் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எலி பழத்தைக் கொறித்துவிடும். அதற்காகக் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகையைக் குடியேற்றுவார்கள். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பாட்டிகளுக்கு அது ஆகாது, கூகை கத்தினால் சாவு விழும் என்பார்கள். பெட்டி கட்டும் வேலை பார்த்த அப்பாவோ அதைக் காவல்காரன் என்பார்.

ஒரு வருடம் எலி மருந்தை வழக்கத்தைவிட நிறையப் போட்டார்கள். எலி குறைந்தது. அப்புறம் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அடுத்த வருடம் எங்கு பார்த்தாலும் கொறிபட்ட குலைகள். "மருந்து போட்டதாலதான் எலி பெருகிச்சு" என்றார் அப்பா. எனக்கு அது முரணாகப் பட்டது.

வேட்டையாடியும் இரையும் எப்படிக் கூடிக் குறைகின்றன என்பதைக் கணக்காகச் சொல்ல லோட்கா 1925-லும் வோல்ட்டெரா 1926-லும் தனித்தனியாக எழுதிய சமன்பாடுகளைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோதுதான் விளங்கியது. முதல் உலகப் போரில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தபோது, மற்ற மீன்களைத் தின்னும் மீன்களின் பங்கு ஏன் கூடியது என்பதே வோல்ட்டெராவின் கேள்வி. அந்தக் கணக்கில் இரையின் சராசரி எண்ணிக்கை இரை பெருகும் வேகத்தைப் பொறுத்ததே இல்லை. வேட்டையாடி எவ்வளவு வேகமாகச் சாகிறது, இரையை எவ்வளவு நன்றாகப் பிடித்துக் குஞ்சுகளாக்குகிறது, இந்த இரண்டும்தான் அதை முடிவு செய்கின்றன. இரையையும் வேட்டையாடியையும் சேர்த்துக் கொன்றால் இரைக்குத்தான் லாபம்!

எலி மருந்து அதைத்தான் செய்கிறது. இரத்தத்தை உறையவிடாத அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும்போது கூகையிடம் சுலபமாக மாட்டுகிறது. விஷம் கூகைக்கும் போகிறது.

எக்செலில் எலிக்கு ஒரு வரிசை, கூகைக்கு ஒரு வரிசை போட்டு வாரக் கணக்கில் ஓடவிட்டேன். மருந்தைக் கூட்டக் கூட்ட எலியின் சராசரி ஏறியது. நிஜத் தோட்டம் இவ்வளவு எளிமையானதல்ல, சரி. உணவுக்கு எல்லை உண்டு, பக்கத்துத் தோட்டத்து எலியும் வரும். ஆனாலும் அப்பா கண்ணால் கண்டதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது வரைபடத்தைக் காட்டினேன். எது கூகை என்று கேட்டார். காட்டினேன். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்தில் விரலை வைத்து, "இங்கதான்யா காலிப் பெட்டியெல்லாம் இறக்குனேன்" என்றார்.