இங்கிலாந்தில் டிஜே இரவு நடத்துவதற்கு முன்: லைசென்ஸ், போலீஸ், உங்கள் விசா

புதிதாக வந்திருக்கும் மாணவர்கள் சிலர் ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணா, தீபாவளிக்கு ஒரு ஹால் எடுத்து, டிஜே வைத்து, டிக்கெட் விற்று ஒரு குத்துப்பாட்டு இரவு நடத்தலாம் என்றிருக்கிறோம். ஹாலுக்கு முன்பணம் கட்டியாயிற்று. வேறு ஏதாவது வேண்டுமா?"

வேண்டும். அதற்குத்தான் இந்த இழை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் உள்ள சட்டத்தை மட்டும் சொல்கிறேன். ஸ்காட்லாந்துக்குச் சட்டம் வேறு. கிளாஸ்கோ நண்பர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மதுவிற்பனை, மக்களுக்கான இசை, நடனம், இரவு 11 மணிக்கு மேல் விடியற்காலை 5 வரை சூடான உணவு விற்பது, இவை எல்லாம் 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டத்துக்குள் வருகின்றன. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. நள்ளிரவில் கொத்துப் பரோட்டா விற்கத் தனி அனுமதி வேண்டும் என்றால் சிரிக்கிறார்கள். ஆனால் சட்டம் அப்படித்தான். லைசென்ஸ் தருவது போலீஸ் அல்ல, உள்ளூர் கவுன்சில். குற்றத் தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இல்லாமை, சிறுவர் பாதுகாப்பு என்ற நான்கை வைத்துத்தான் அவர்கள் எடைபோட வேண்டும். போலீஸ் எதிர்ப்புத் தெரிவித்தால் அது கவுன்சிலில் பெரிதாகத்தான் எடுபடும்.

நீங்கள் எடுத்த ஹாலில் ஏற்கெனவே லைசென்ஸ் இருந்தால், அதன் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை மணி வரை இசை, எத்தனை பேர், வாசலில் எத்தனை காவலர் என்று அதில் எழுதியிருக்கும். "எல்லாம் இருக்கிறது தம்பி, கவலைப்படாதீர்கள்" என்று மேலாளர் வாயால் சொல்வது போதாது.

லைசென்ஸ் இல்லாத இடமென்றால், 'டெம்பரரி ஈவன்ட் நோட்டீஸ்' கொடுக்கலாம். இங்கே சுருக்கமாக 'டென்' என்பார்கள். கட்டணம் 21 பவுண்டு. ஊழியர்கள், நீங்கள் உட்பட ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 168 மணி நேரம் வரை நடத்தலாம். நிகழ்ச்சிக்குக் குறைந்தது 10 வேலை நாள்களுக்கு முன்பு கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும். வேலை நாள் என்பதைக் கவனியுங்கள்: சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, கவுன்சிலுக்குக் கிடைத்த நாள், நிகழ்ச்சி நாள் எதுவும் கணக்கில் வராது. போலீசும் கவுன்சிலின் சுற்றுச்சூழல் நலப் பிரிவும் மூன்று வேலை நாள்களுக்குள் எதிர்க்கலாம். எதிர்த்தால் விசாரணை நடக்கும். அங்கே நீங்கள் பேசலாம்.

5 முதல் 9 வேலை நாள்களுக்கு முன்பு கொடுக்கும் 'லேட் டென்' என்று ஒன்று உண்டு. அதில் போலீஸ், சுற்றுச்சூழல் நலப் பிரிவு இரண்டில் ஒன்று எதிர்த்தாலே விசாரணை எதுவும் கிடையாது, நிகழ்ச்சி முடிந்தது. தீபாவளிக்கு எல்லாக் கல்லூரிச் சங்கங்களும் கடைசி வாரத்தில் ஓடுவதைப் பார்க்கையில், இதைப் பெரிய எழுத்தில் சுவரொட்டியாக அடிக்கலாம் என்று தோன்றும்.

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நோட்டீஸில் யார் பெயர் போட வேண்டும்?"

யார் பெயரானாலும் ஒன்று நினைவிருக்கட்டும். அந்தப் பெயருக்குரியவர்தான் அன்றிரவு சட்டத்தின் முன் நிற்பவர். அனுமதி இல்லாமல் நடத்துவது, 499ஐத் தாண்டுவது எல்லாம் குற்றம்; வரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை என்று அதற்குச் சட்டத்தில் இருக்கிறது. நண்பர்கள் கூட்டத்தில் "நீ போடு, நீ போடு" என்று விளையாட்டாகத் தள்ளிவிடும் விஷயம் அல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல், மாணவர் விசா. அந்த விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது, வணிகம் நடத்தக் கூடாது, கலைஞராகப் பணம் வாங்கி வேலை செய்யவும் கூடாது. வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்ற அனுமதிக்குள் வந்துவிடும் என்று நினைத்து டிஜேவாகக் கூலி வாங்குவதும், டிக்கெட் விற்று லாபத்தைத் தன் கணக்கில் போடுவதும், நேர எண்ணிக்கையால் சரியாகிவிடாது. கல்லூரிச் சங்கம் நடத்தட்டும், பணம் சங்கத்தின் கணக்குக்குப் போகட்டும், பல்கலைக்கழக மாணவர் சங்க அலுவலகம் முன்பே அறிந்திருக்கட்டும். விசா நிபந்தனையில் சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகரிடம் எழுத்தில் கேளுங்கள், என்னிடம் அல்ல.

இனி போலீஸ் வருவது பற்றி. நோட்டீஸைக் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும், அல்லது பொறுப்பாளர் ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். அவர்கள் உள்ளே வந்து பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, தடுப்பது குற்றம். ஒலி சகிக்கவில்லை, கலவரம் என்று போனால், இடத்தை மூடும் நோட்டீஸ் கொடுக்கவும் அதிகாரம் உண்டு. பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் மூன்று மாதம் வரை மூடி வைக்க உத்தரவிடலாம். அப்படி நடந்தால் அந்த ஹால்காரர் உங்கள் சங்கத்துக்கு மறுபடி இடம் தரமாட்டார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

திறந்தவெளியில், பூங்காவிலோ பண்ணையிலோ, அனுமதி இல்லாமல் இரவில் பெரிய ஸ்பீக்கர் வைத்துக் கூடுவது வேறு கதை. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் பல நாள் நடந்த பெரும் இசை, நடனக் கூட்டத்துக்குப் பிறகு, 1994இல் ஒரு குற்றவியல் சட்டம் வந்தது. அதில் இசை என்பதற்கு, "தொடர்ந்து திரும்பத் திரும்ப வரும் தாளங்களைக் கொண்ட ஒலிகள்" என்ற பொருளில் விளக்கம் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊர்த் தவில் வாசிப்பையும் அதற்குள் அடக்கிவிடலாம்! ஆரம்பத்தில் 100 பேர் கூடினால்தான் இது பொருந்தும். பிறகு 20 பேர் என்று குறைத்தார்கள். போலீஸ் கலைந்து போகச் சொல்லலாம், ஒலிக்கருவிகளைப் பறிமுதல் செய்யலாம்.

வெள்ளையர் அல்லாதவர்களின் இசைக்கு இங்கே ஒரு பழைய வரலாறும் உண்டு. லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ் 2005இல் 'ஃபார்ம் 696' என்ற படிவத்தைக் கொண்டுவந்தது. டிஜே, பாடகர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை முன்பே கேட்டார்கள். எந்த வகை இசை, எந்த இனத்தவர் வருவார்கள் என்றும் அதில் கேள்வி இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு இனக் கேள்வி நீக்கப்பட்டது; படிவமே 2017 நவம்பரில்தான் ஒழிந்தது. ஆகவே வாசலில் சந்தேகப் பார்வை வரும்போது அது உங்கள் கற்பனை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அதிகாரி கேட்பதற்கு எரிச்சலைக் காட்டாமல் பதில் சொல்லிவிட்டால் இரவு சுமுகமாகப் போகும். புகாரை மறுநாள் எழுதலாம்.

மற்றவர் கிளப்புக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வாசலில் நிற்பவர் உரிமம் பெற்ற காவலர். அவரது அட்டை தெரியும்படி இருக்க வேண்டும். அவர் போலீஸ் அல்ல. உங்கள் பையைச் சோதிக்க உங்கள் சம்மதம் வேண்டும், மறுக்கலாம். மறுத்தால் உள்ளே விடமாட்டார், அது அவரது உரிமை. ஆனால் இனம், நிறம் பார்த்து மறுப்பது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்கு எதிரானது. அப்படி நடந்தால் நேரம், இடம், யார் சாட்சி என்று அன்றே குறித்துக்கொள்ளுங்கள்; நீதிமன்றம் போக ஆறு மாதமே அவகாசம்.

போலீஸ் சோதித்தால், பொதுவாக நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். தன் பெயர், நிலையம், காரணம், எந்தச் சட்டப்படி என்று அதிகாரி சொல்ல வேண்டும். சோதனைக்காக மட்டும் உங்கள் பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. சோதனைப் பதிவின் நகலைக் கேட்கலாம். மூத்த அதிகாரி குறிப்பிட்ட பகுதிக்கு உத்தரவிட்டிருந்தால் மட்டும் சந்தேகம் இல்லாமலும் சோதிக்கலாம்.

பார்ட்டிகளில் பலூனில் ஊதும் சிரிப்பு வாயு 2023 நவம்பர் முதல் 'கிளாஸ் சி' போதைப்பொருள். இழுப்பதற்கென்று கையில் வைத்திருப்பதே குற்றம். 'சிறிய எச்சரிக்கைதான்' என்று காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வந்தாலும், அடுத்த விசா விண்ணப்பத்தில் அதைப் பற்றிய கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

கிளப்புக்குப் பாஸ்போர்ட் கொண்டு போகாதீர்கள். தொலைந்தால் அது தூதரகம் வரை இழுக்கும் வேலை. குறைந்தது 185 நாள்கள் இங்கே வாழ அனுமதி உள்ளவர்கள் தற்காலிக ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ளலாம். வயதுக்கு ஆதாரமாக அதையே காட்டலாம். 25 வயதுக்குக் கீழ் தோன்றினால் எங்கும் கேட்பார்கள், முடி நரைத்தாலும் கேட்டதாகச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள்.

கடைசியாக வந்த கேள்வி: "அக்காவின் கல்யாண வரவேற்புக்கும் இதெல்லாம் வேண்டுமா?" அழைத்தவர்கள் மட்டும் வருகிறார்கள், லாபத்துக்காகக் கட்டணம் இல்லை, மதுவை விற்கவில்லை, நீங்களே பரிமாறுகிறீர்கள் என்றால் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இந்த உரிமம் வேண்டியதில்லை. விருந்தினர் காசு கொடுத்து மது வாங்கும் பார் வைத்தால் வேண்டும். சத்தத்துக்கு விலக்கு எதுவும் கிடையாது. 11 மணிக்கு மேல் ஸ்பீக்கரை இறக்குங்கள். பாட்டுகளின் பதிப்புரிமைக்கான இசை உரிமம் தனி. அது ஹால்காரரிடம் இருக்கிறதா என்று வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.