புதுப்பித்த பழைய ஹைலக்ஸை விற்றபோது வந்துபோனவர்கள்

விளம்பரம் போட்டதும் முதலில் வருகிற கூட்டம் பெயிண்டைப் பார்க்கத்தான் வரும். நான் விற்றது 1984 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். ஃபோர் வீல் டிரைவ், 22ஆர் கார்புரேட்டர் எஞ்சின், முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங். ஹைலக்ஸ் 1968இலேயே வந்துவிட்டாலும் ஃபோர் வீல் டிரைவ் சேர்ந்தது 1979இல்தான். முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில் இருக்கும் இந்தப் பழைய வண்டிகளுக்கென்றே ஒரு கூட்டம் அலைகிறது. ஆனால் முதலில் வந்தவர்கள் அந்தக் கூட்டம் இல்லை. வண்டியைச் சுற்றி வந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், "கடைசி விலை என்ன அண்ணா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்கள். போனிலேயே கடைசி விலை கேட்டவர்களில் ஒருவர்கூட நேரில் வரவில்லை.

வாங்கியவர் வேறு மாதிரி. சாவியை நீட்டினேன். "அது அப்புறம் சார், ஒரு சாக்கு இருந்தால் கொடுங்கள்" என்றார். அதை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். சின்னச் சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே வந்தவர், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தட்டினார். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு. மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. பிறகு முன்சக்கரத்துக்கு உள்பக்கம் ஆக்சில் முனையில் தெரியும் எஃகு உருண்டையை ஒரு விரலால் வழித்து, இரண்டு விரல்களுக்கு நடுவே உரசிப் பார்த்தார். மெல்லிசாக கிரீஸ் படிந்திருந்தால் சரி. கூழ் மாதிரி வழிந்திருந்தால் ஆயிலைத் தடுக்கும் உள்சீல் போய் ஆக்சில் ஆயில் வந்து கலக்கிறது என்று அர்த்தம். ஹப்பில் ஆரம்பித்து மொத்தமும் பிரிக்க வேண்டிய வேலை. என் வண்டியில் சீல் புதிது. அவர் ஒன்றும் சொல்லாமல் விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டார்.

அடியில் நான் கறுப்புப் பூச்சு அடிக்கவில்லை. "அடித்துவிட்டால் பளிச்சென்று இருக்கும்" என்று பெயிண்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புதுசாகக் கறுப்படித்த சேசிஸைக் கண்டால் விவரம் தெரிந்த ஆளுக்கு இவன் எதை மறைக்கிறான் என்றுதான் தோன்றும். அதற்குப் பதிலாக, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்தது, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தது, பட்டி போடுவதற்கு முந்தின நிலை என்று எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருந்தேன். ஓட்டிப் பார்த்ததைவிட அந்தப் படங்களைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். விலையில் பெரிதாக இழுபறியும் இல்லை.

———

படம் எடுத்து வைப்பது பற்றி முதலில் எழுதியவர் சொன்னது ரொம்பச் சரி. நான் ஒன்று சேர்க்கிறேன்: ஆள் வருவதற்கு முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். என் வண்டியும் 22ஆர்தான். பார்க்க வந்த பெரியவர் வணக்கம் சொன்ன கையோடு பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்ததும்தான் முகத்தில் சிரிப்பு வந்தது.

1983க்குப் பிந்தைய 22ஆரில் டைமிங் செயின் (வால்வுகளை ஓட்டும் சங்கிலி) ஒற்றை வரிசை, அது விலகாமல் பிடிக்கும் கைடு பிளாஸ்டிக். கைடு உடைந்தால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வரும். அப்படியே விட்டால் செயின் உரசி உரசி அதை மூடியிருக்கும் கவரை அறுத்து, ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் இறங்கிவிடும். சூடான எஞ்சினில் அந்தச் சத்தம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பவர் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். பெரியவர் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம் ஆயில் மூடியைத் திறந்து, உள்பக்கம் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா என்று பார்த்தார். அவ்வளவுதான், முன்பணம் கொடுத்துவிட்டார்.

———

உங்கள் இருவருக்கும் வந்தவர்களுக்கு எனக்கு வந்தவர் நேர் எதிர். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டு வட்டமடித்தார். டயர் கீச்சென்று இழுத்தது, வண்டி குதித்தது. "கியர்பாக்ஸ் காலி" என்று இறங்கிவிட்டார். இந்த வண்டிகளில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும், பிடிப்புள்ள ரோடு அதற்கு விடாது. மண்ணில் போட்டுக் காட்டுகிறேன் தம்பி என்றேன், கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களை நேராக மண்பாதைக்கே கூட்டிப்போனேன். முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் லாக்கிங் ஹப்பை அவர்கள் கையாலேயே திருப்பச் சொல்வேன். பழைய வண்டிகளில் அது இறுகிப்போய்த் திரும்பாமல் நிற்பது சகஜம், அதனால் லேசாகத் திரும்பினாலே பாதி நம்பிக்கை வந்துவிடும். மீதிக்கு ஆவணத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். சேசிஸ் எண் வலது முன்சக்கரப் பக்கம் சட்டத்தில் குத்தியிருக்கும், எப்போதும் சேறும் எண்ணெயும் மூடியிருக்கும். வருகிறவர் தேடட்டும் என்று விடாமல், மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துச் சுத்தமாக்கி வைத்துவிடுங்கள்.